போரை விட்டு நடிகரைப் பேசிய ஊடகம்

போர் ஒன்று நெருங்கிவரும் நாட்டில் அதை வேண்டாம் என்று சொல்வோர் பல தரப்பினராக இருப்பர். ஓய்வுபெற்ற படைத்தளபதிகள், வெளியுறவுத் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவர்கள், பேராசிரியர்கள், மதகுருமார்கள், தொழிற்சங்கத்தினர், களத்துக்கு அனுப்பப்படவிருக்கும் வீரர்களின் பெற்றோர் எனப் பலரும் அவர்களுள் அடங்குவர். எனினும் தொலைக்காட்சியிலும் நாளேட்டிலும் அந்த எதிர்ப்பின் முகமாக நிறுத்தப்படுபவர் பெரும்பாலும் ஒரு திரைப்பட நடிகராகவோ பாடகராகவோ இருக்கிறார். புகழ் உள்ள இடத்துக்குக் கேமரா போவது இயல்புதானே என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் ஈராக் போரையொட்டி 2002 செப்டம்பர் முதல் 2003 ஏப்ரல் வரை அமெரிக்காவில் நடந்தவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பிரபலங்கள் மீது குவிந்த கவனம் போர் எதிர்ப்பின் வாதங்களை மக்களிடம் சேர்த்ததைவிட, போரைப் பற்றி நடந்திருக்க வேண்டிய விவாதத்தை நடிகர்களைப் பற்றிய விவாதமாகத் திருப்பிவிட்டதே அதிகம் என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் வெளியான இரண்டு விளம்பரங்கள் இதற்கு நல்ல சான்று. 2002 செப்டம்பர் 26 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில், பன்னாட்டு உறவுகள் துறையைச் சேர்ந்த 33 அறிஞர்கள் கையொப்பமிட்டு, பணம் கட்டி ஓர் அறிக்கையை வெளியிட்டனர். ஜான் மியர்ஷைமர், ஸ்டீபன் வால்ட், கென்னத் வால்ட்ஸ் போன்றோர் அதில் இருந்தனர். இவர்கள் எந்தப் போரையும் ஏற்காத அமைதிவாதிகள் அல்லர். நாடுகள் தம் நலனையும் வலிமையையும் கணக்கிட்டே நடக்கின்றன என்று கருதும் யதார்த்தவாதக் கோட்பாட்டின் முதன்மையான பேராசிரியர்கள் பலர் அவர்களுள் இருந்தனர். ஈராக் அதிபர் சதாம் உசேன் அல்-கய்தாவுடன் சேர்ந்து செயல்படுவதற்கு நம்பத்தக்க சான்று இல்லை, அவரிடம் அணு ஆயுதம் இருந்தாலும் பேரழிவுக்கு உள்ளாகாமல் அதைப் பயன்படுத்த முடியாது, படையெடுத்து வென்ற பிறகு வெளியேறுவதற்கு வழி எதுவும் வகுக்கப்படவில்லை என்பவை அவர்களுடைய வாதங்கள். அந்த விளம்பரம் பெரிய அலை எதையும் எழுப்பாமல் கடந்துபோயிற்று. மூன்று வாரங்கள் கழித்து, அக்டோபர் 18 அன்று, நடிகர் ஷான் பென் சுமார் 56,000 டாலர் செலவழித்து வாஷிங்டன் போஸ்ட் நாளேட்டில் அதிபர் புஷ்ஷுக்கு ஒரு திறந்த மடலை வெளியிட்டார். வாதத்தின் செறிவில் பேராசிரியர்களின் அறிக்கைக்கு அருகில்கூட நிற்க முடியாத அந்த மடல் நாடு முழுவதும் செய்தியாயிற்று. அவர் செலவழித்த தொகைகூடத் தனிச் செய்தியாகப் பேசப்பட்டது.

இந்த வேறுபாட்டைப் புகழ் என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட முடியாது. அரசியல் தகவல் தொடர்பை ஆராய்ந்த லான்ஸ் பென்னட் 1990இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு பொருளைப் பற்றி எத்தனை விதமான கருத்துகளுக்கு இடம் தரலாம் என்பதைப் பெரிய செய்தி நிறுவனங்கள் தாமாக முடிவு செய்வதில்லை, அதிகாரத்தில் இருப்போருக்குள் எவ்வளவு கருத்து வேறுபாடு தெரிகிறதோ அந்த அளவுக்கே தம் செய்தியிலும் இடம் ஒதுக்குகின்றன என்பது அதன் சாரம். இதற்கு முன்பே, வியட்நாம் போர்ச் செய்திகளை ஆராய்ந்து 1986இல் நூல் எழுதிய டேனியல் ஹாலின், செய்தியாளரின் உலகத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்திருந்தார். யாரும் மறுக்காதவை என்று கொள்ளப்படும் கருத்துகள் நடுவட்டத்தில் இருக்கின்றன. இரு தரப்பையும் கேட்க வேண்டியவை அதைச் சுற்றிய வட்டத்தில் வருகின்றன. கேட்கத் தகுதியற்றவை என்று தள்ளப்படுபவை வெளிவட்டத்தில் விழுகின்றன. 2002 அக்டோபரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 296க்கு 133 என்றும், செனட் 77க்கு 23 என்றும் வாக்களித்து அதிபருக்குப் படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரம் வழங்கியபோது, எதிர்க்கட்சித் தலைவர்களில் முக்கியமான பலர் அரசோடு சேர்ந்துவிட்டனர். அதனால் இரு தரப்பையும் கேட்க வேண்டிய அந்த இடைவட்டம் ஏறத்தாழ மூடிக்கொண்டது. எஞ்சியிருந்த எதிர்ப்பாளருள் மூத்தவரான செனட்டர் ராபர்ட் பேர்ட் 2003 பிப்ரவரி 12 அன்று போருக்கு எதிராக நிகழ்த்திய உரையை ஏறத்தாழக் காலியாகக் கிடந்த அவையில்தான் நிகழ்த்த வேண்டியிருந்தது.

அரசியல் செய்தியின் வாசல் இப்படி அடைபட்டபோது போர் எதிர்ப்புக்குத் திறந்திருந்த மற்றொரு வாசல் பொழுதுபோக்குச் செய்திப் பிரிவு. அந்தப் பிரிவு நாடாளுமன்றத்தில் யார் என்ன சொன்னார் என்பதைப் பார்த்து இயங்குவதில்லை. நட்சத்திரங்கள் எதைச் செய்தாலும் அது அதற்குச் செய்திதான். ஆனால் அந்த வாசல் வழியாக உள்ளே வருபவர் அதற்குரிய கேள்விகளையே சந்திக்க வேண்டும். இந்தப் பேச்சால் அவருடைய அடுத்த படம் பாதிக்கப்படுமா, ரசிகர்கள் கோபப்படுவார்களா, விளம்பர நிறுவனங்கள் விலகுமா, இதைப் பற்றிப் பேச அவருக்கு என்ன தெரியும் என்ற கேள்விகளே முன்னால் நின்றன. ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்பதற்கு அரசு தரும் சான்று எவ்வளவு உறுதியானது என்ற கேள்விக்கு அந்தப் பிரிவில் இடமே கிடையாது. போர் எதிர்ப்பு அங்கே கேட்கப்பட்டது, ஆனால் பிரபலத்தின் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சி என்ற அளவிலேயே கேட்கப்பட்டது.

ஷான் பென் 2002 டிசம்பர் நடுவில் மூன்று நாள் பயணமாகப் பாக்தாத் சென்றதும் இவ்வாறே கையாளப்பட்டது. பொருளாதாரத் தடைகளால் மருத்துவமனைகளில் நிலவிய நிலையை நேரில் பார்ப்பதும் அப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் ஈராக் அரசின் செய்தி நிறுவனம், அந்நாட்டிடம் பேரழிவு ஆயுதங்கள் இல்லை என்று அவர் உறுதிகூறியதாகச் செய்தி பரப்பியது. தாம் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுக்க நேர்ந்தது. இதன் பின்னர் பேசப்பட்டதெல்லாம் நடிகர் ஏமாந்தாரா, எதிரிக்குத் துணைபோனாரா என்பவையே. இதில் பென்னின் பொறுப்பு அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஒரு சர்வாதிகார அரசின் விருந்தினராகப் போகிறவர், அந்த அரசு தம் பெயரை எப்படியெல்லாம் பயன்படுத்தும் என்பதை முன்கூட்டியே எண்ணிப்பார்த்திருக்க வேண்டும்.

நகைச்சுவைக் கலைஞரும் நடிகையுமான ஜனீன் கரோஃபலோ அந்த நாட்களில் செய்தித் தொலைக்காட்சிகளில் அடிக்கடி தோன்றியவர். தம்மைப் போன்ற நடிகர்களைத் தொலைக்காட்சிகள் விரும்பி அழைப்பது இயக்கத்தை ஓரங்கட்டுவதற்கு வசதியாக இருப்பதால்தான் என்று அவரே அப்போது வெளிப்படையாகச் சொன்னார். போரை ஆதரிக்கும் நடிகர் வீரராகவும் எதிர்க்கும் நடிகர் ஐயத்துக்குரியவராகவும் பார்க்கப்படுகிறார் என்பதையும் அவர் சுட்டினார். இதைத் தெரிந்துகொண்டே அவர் அழைப்புகளை ஏற்றார் என்பதுதான் அந்தக் காலத்தின் சிக்கல். அவர் மறுத்திருந்தால் அந்த இடத்தில் ஒரு பேராசிரியரோ ஐக்கிய நாடுகள் அவையின் முன்னாள் ஆயுதச் சோதனையாளரோ அமர்த்தப்பட்டிருப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை; அந்த நாற்காலியே எடுக்கப்பட்டிருக்கலாம்.

நடிகருக்கு அரசியல் எதற்கு என்ற கேள்வியும் ஒரே திசையில்தான் பாய்ந்தது. தொலைக்காட்சித் தொடரில் அமெரிக்க அதிபராக நடித்துவந்த மார்ட்டின் ஷீன், போரின்றி வெல்வோம் என்ற பொருளில் பெயர் சூட்டிக்கொண்ட கூட்டமைப்பின் விளம்பரத்தில் தோன்றியபோது, பொய் அதிபர் நிஜ அதிபருக்கு அறிவுரை சொல்வதா என்ற கேலி எழுந்தது. அதற்கு மறுமொழியாகப் போரை ஆதரித்து வெளியான விளம்பரத்தில் தோன்றியவர் ஃபிரெட் தாம்ப்சன். அவர் சில மாதங்களுக்கு முன்புவரை செனட்டராக இருந்தவர்தான், ஆனால் அப்போது மற்றொரு தொடரில் அரசு வழக்கறிஞராக நடித்துக்கொண்டிருந்தார். நடிகர்கள் நடிப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பலமுறை அறிவுறுத்தப்பட்ட அதே 2003ஆம் ஆண்டின் அக்டோபரில்தான் கலிஃபோர்னியா மாநிலம் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது.

நட்சத்திரங்களைத் தேடிப்போன தொலைக்காட்சிகள் தம் சொந்தக் கூரையின் கீழ் இருந்த நட்சத்திரத்தை என்ன செய்தன என்பதும் கவனிக்கத்தக்கது. ஃபில் டொனாஹ்யூ அமெரிக்க உரையாடல் நிகழ்ச்சிகளின் முன்னோடி. பார்வையாளரையே கேள்வி கேட்கவைக்கும் முறையைப் பரவலாக்கியவர். 2002 ஜூலையில் எம்எஸ்என்பிசி தொலைக்காட்சியில் அவர் தொடங்கிய நிகழ்ச்சி 2003 பிப்ரவரி 25 அன்று நிறுத்தப்பட்டது. அப்போது அந்தத் தொலைக்காட்சியில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அதுவே. போட்டி நிறுவனங்கள் கொடியசைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த நிகழ்ச்சி போர் எதிர்ப்பாளரின் இல்லமாகத் தெரிந்துவிடும் என்றும், போர்க்காலத்தில் டொனாஹ்யூ நிறுவனத்துக்குச் சங்கடமான முகமாக இருப்பார் என்றும் எச்சரித்த உள்குறிப்பு ஒன்று பின்னர் வெளியே கசிந்தது. போரை எதிர்த்த ஒருவரை அழைத்தால் அதற்கு ஈடாக ஆதரிப்போர் இருவரை அழைக்க வேண்டும் என்று தமக்கு விதிக்கப்பட்டிருந்ததை டொனாஹ்யூ பின்னாளில் பலமுறை கூறினார். வெளியிலிருந்து வரும் நடிகர் ஒரு நாள் விருந்தாளி; நாள்தோறும் ஒரு மணி நேரம் கேள்வி கேட்கும் உரிமை கொண்ட தொகுப்பாளரோ அப்படி இல்லை. முன்னவரை நிறுவனத்தால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

போர் மூண்ட பிறகு நிலைமை எப்படி இருந்தது என்பதைச் செய்தி ஊடகங்களைக் கண்காணிக்கும் ஃபேர் என்ற அமெரிக்க அமைப்பின் கணக்கெடுப்பு காட்டுகிறது. முதல் மூன்று வாரங்களில் ஆறு தொலைக்காட்சிகளின் செய்தி நிகழ்ச்சிகளில் தோன்றிப் பேசிய 1,617 பேரை அது ஆராய்ந்தது. அவர்களுள் 64 விழுக்காட்டினர் போரை ஆதரித்தவர்கள். அமெரிக்கர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போரை எதிர்த்துப் பேசியவர்கள் 3 விழுக்காடே. அதே நாட்களில் கருத்துக்கணிப்புகளில் அமெரிக்கருள் கால்வாசிக்கு மேற்பட்டோர் போரை எதிர்ப்பதாகச் சொல்லியிருந்தனர். அந்த 3 விழுக்காட்டினரும் பெரும்பாலும் தெருவில் நின்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மறைந்த பெயரற்ற ஆர்ப்பாட்டக்காரர்கள். போர் எதிர்ப்பு அமெரிக்கத் திரையில் இரண்டு உருவங்களில் மட்டுமே தோன்றியது: ஒன்று, பெயர் தெரியாத கூட்டம், மற்றொன்று, பெயர் மட்டுமே தெரிந்த நட்சத்திரம். பெயரும் வாதமும் சேர்ந்திருந்த மனிதருக்கு இடையில் இடம் இல்லை.

ஒரு வாக்கியத்தின் பயணம்

டிக்ஸி சிக்ஸ் என்ற பெண்கள் மூவர் இசைக்குழு அனுபவித்தது இந்தக் காலத்தின் மிகச் செறிவான எடுத்துக்காட்டு. கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசை வகையில் அன்று அவர்களுக்கு நிகராக விற்பனையான குழுக்கள் மிகச் சிலவே. 2003 மார்ச் 10 அன்று லண்டனில் நடந்த இசை நிகழ்ச்சியில் முதன்மைப் பாடகி நேட்டலி மெய்ன்ஸ், பாடல்களுக்கு இடையில் சில வார்த்தைகள் பேசினார். தாங்கள் அங்கிருக்கும் மக்களோடு ஒரே பக்கம் நிற்பதாகவும், இந்தப் போரையும் வன்முறையையும் விரும்பவில்லை என்றும், அமெரிக்க அதிபர் தங்கள் மாநிலமான டெக்சஸைச் சேர்ந்தவராக இருப்பது குறித்து வெட்கப்படுவதாகவும் அவர் சொன்னார். இரண்டு நாள் கழித்து கார்டியன் நாளேட்டில் வந்த இசை விமர்சனம், அதிபரைப் பற்றிய கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துப் போட்டது. அங்கிருந்து செய்தி நிறுவனங்களின் வழியாக அது அட்லாண்டிக்கைக் கடந்தது. போரை விரும்பவில்லை என்ற பகுதி கரையிலேயே நின்றுவிட்டது. அமெரிக்காவில் பல மாதங்கள் நடந்த சண்டை முழுவதும், அவர் போரைப் பற்றிச் சொன்னதற்காக அல்லாமல் ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னதற்காகவே நடந்தது. விமர்சனம் எழுதியவர் வேண்டுமென்றே அப்படிச் செய்தார் என்று கொள்ளத் தேவையில்லை. செய்தியின் இலக்கணமே அப்படி. கருத்தைவிட அவமதிப்பு சுருக்கமானது, எடுத்துச் செல்ல எளிது.

அந்த வாரம் கன்ட்ரி இசைத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது அவர்களுடைய டிராவலின் சோல்ஜர் என்ற பாடல். வியட்நாமுக்குப் போன இளம் வீரன் திரும்பாமல் போனதைச் சொல்லும், படைவீரர்மீது பரிவு மிகுந்த அந்தப் பாடலும் சில நாட்களில் வானொலிகளிலிருந்து காணாமல் போயிற்று. லூசியானா மாநிலத்தில் அவர்களுடைய இசைத்தட்டுகளைக் குவித்துக் கனரக டிராக்டரை ஏற்றி நசுக்கிய காட்சி தொலைக்காட்சிகளுக்கு நல்ல படமாக அமைந்தது. ஆனால் படமாக அமையாத மற்றொரு செயல் அதைவிட முக்கியமானது. குமுலஸ் என்ற வானொலி நிறுவனம், அட்லாண்டாவில் இருந்த தலைமையகத்தின் முடிவின்படி, தன் கன்ட்ரி இசை நிலையங்கள் அனைத்திலும் சுமார் ஒரு மாதம் அவர்களுடைய பாடல்களை நிறுத்திவைத்தது. ஒரே முடிவு பல மாநிலங்களில் உடனடியாக நிறைவேறியதற்கு 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் காரணம். அதற்கு முன் ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சட்டம் அந்த உச்சவரம்பை நீக்கிய பின் கிளியர் சேனல் என்ற நிறுவனம் மட்டுமே சுமார் 1,200 நிலையங்களைச் சேர்த்துக்கொண்டது. 2003 ஜூலையில் செனட்டின் வணிகக் குழு இதை விசாரித்தபோது, போரை உறுதியாக ஆதரித்த குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்னே குமுலஸ் தலைவரைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். ஓர் உள்ளூர் நிலையம் தன் நேயர்களைப் பார்த்து முடிவெடுப்பது வேறு, தலைமையகம் உத்தரவு போடுவது வேறு என்பது அவர் வாதம்.

வானொலி உடைமை எத்தனை கைகளில் குவிந்திருக்கிறது என்ற கேள்விக்குக் கிடைத்த செய்தியிடம், மெய்ன்ஸ் மன்னிப்புக் கேட்டாரா இல்லையா என்ற கேள்விக்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டால் சொற்பம். அதிபர் பதவிக்குரிய மரியாதையைத் தாம் காட்டவில்லை என்று அவர் சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டார். இருந்தும் ஏப்ரல் 24 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் டயேன் சாயர் நடத்திய நேர்காணலில் அந்தக் கேள்வி மீண்டும் மீண்டும் எழுந்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் பாக்தாத் வீழ்ந்திருந்தது. அந்நகரின் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டிருந்தது. தேடிப்போன ஆயுதங்கள் கிடைக்கவில்லை. இவற்றைப் பற்றியும் செய்திகள் வந்தன என்பது உண்மைதான். ஆனால் இவற்றுக்குப் பொறுப்பானவர் எவரையும் முதன்மை நேரத்தில் அமரவைத்து மன்னிப்புக் கேட்பீர்களா என்று யாரும் திரும்பத் திரும்பக் கேட்கவில்லை.

மைக்கேல் மூரின் ஆஸ்கர் உரையும் இதே வகையில் அடங்கும். 2003 மார்ச் 23 அன்று, குண்டுவீச்சு தொடங்கிய சில நாட்களில், சிறந்த ஆவணப்படத்துக்கான விருதைப் பெற்ற அவர் மேடையிலேயே அதிபரையும் போரையும் கண்டித்தார். அரங்கத்தில் கைதட்டலும் கூச்சலும் கலந்து எழுந்தன. மறுநாள் செய்தி கூச்சலைப் பற்றியதாக இருந்தது. அதே மார்ச் 23, நாசிரியா நகரில் அமெரிக்கத் துணைப்படை ஒன்று வழி தவறித் தாக்குதலில் சிக்கிப் பலர் மாண்ட நாள். ஜெசிக்கா லிஞ்ச் என்ற இளம் படைவீராங்கனை சிறைபிடிக்கப்பட்டதும் அன்றுதான். சில நாட்களில் அவரையும் ஊடகங்கள் நட்சத்திரமாக்கின. கடைசிக் குண்டு வரை சுட்டுப் போராடியவர் என்று அவரைப் பற்றி எழுதப்பட்டது உண்மையல்ல என்று 2007இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அவரே வந்து சொல்ல வேண்டியிருந்தது. போர் எதிர்ப்புப் பிரபலங்களைப் போலவே போர்க்களப் பிரபலமும் தன் சொந்தக் கதைக்கு உடைமையாளராக இருக்க முடியவில்லை.

அணைகளும் ஒரு படமும்

இந்தப் போக்கு ஈராக் போரில் தொடங்கியதன்று. 1972 ஜூலையில் நடிகை ஜேன் ஃபோண்டா வட வியட்நாமின் தலைநகரான ஹனோய் சென்றபோது, அமெரிக்க விமானங்கள் செவ்வாற்றுச் சமவெளியின் வெள்ளத் தடுப்பு அணைகளைத் தாக்குகின்றனவா என்ற கேள்வி உலக அளவில் எழுந்திருந்தது. அந்தச் சமவெளியில் நிலத்தின் பெரும்பகுதி ஆற்றின் வெள்ளமட்டத்துக்குக் கீழே இருப்பதால், மழைக்காலத்தில் அணைகள் உடைந்தால் பெருந்தொகையான மக்கள் மாளக்கூடும். ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளர் குர்ட் வால்ட்ஹைம் அதே மாதத்தில் இதைப் பற்றிக் கவலை தெரிவித்தார். ஃபோண்டா பார்க்கப் போனவற்றுள் அந்த அணைகளும் உண்டு. ஆனால் பயணத்தின் இறுதியில் அவர் வட வியட்நாமின் விமான எதிர்ப்புப் பீரங்கியின் இருக்கையில் அமர்ந்து சிரித்தபடி எடுக்கப்பட்ட படமே வரலாற்றில் நின்றது. அதைப் பெரும் தவறு என்று அவரே பலமுறை ஒப்புக்கொண்டு, படைவீரர்களிடம் மன்னிப்பும் கேட்டார். அவர் செய்தது அறியாமை என்பதைவிட அலட்சியம் என்றே சொல்ல வேண்டும். ஹனோய் வானொலியில் பலமுறை பேசியதும் அவருடைய பகைவருக்கு வேலையை எளிதாக்கியது.

ஆயினும் இதில் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, சமூகவியலாளரும் வியட்நாமில் பணியாற்றிய முன்னாள் படைவீரருமான ஜெர்ரி லெம்ப்கே 2010இல் வெளியிட்ட நூலில் காட்டியிருப்பது: ஃபோண்டாவைத் துரோகியாகச் சித்திரிக்கும் கதை அவர் பயணம் செய்த காலத்தைவிடப் பின்னாளில்தான், போரில் ஏற்பட்ட தோல்விக்குக் காரணம் தேடிய ஆண்டுகளில்தான், முழு உருவம் பெற்றது. மற்றொன்று, போர்க்காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் வட வியட்நாம் சென்றனர். ஃபோண்டாவுக்குச் சில நாட்கள் கழித்து அங்கே சென்றவர் ராம்சே கிளார்க். அவர் அமெரிக்காவின் முன்னாள் தலைமை வழக்கறிஞர். டிசம்பரில் பாடகி ஜோன் பேயஸோடு சென்ற டெல்ஃபோர்ட் டெய்லர், நூரெம்பர்க் விசாரணையில் நாஜிகளுக்கு எதிராக வழக்கை நடத்தியவர். குண்டுவீச்சு போர்ச்சட்டத்துக்கு உட்பட்டதா என்று மதிப்பிட அவரைவிடத் தகுதியானவர் அரிது. கிளார்க், டெய்லர் ஆகியோரின் பெயர்களை இன்று வரலாற்றாசிரியர்கள் மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றனர்.

ஈழப்போரின் இறுதி மாதங்களும் இதே பாடத்தின் மற்றொரு பக்கம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த பாடகி மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2009 தொடக்கத்தில் உலகப் புகழின் உச்சியில் இருந்தார். கிராமி, ஆஸ்கர் ஆகிய இரண்டு விருதுகளுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டிருந்தது. வன்னியில் செய்தியாளர் எவரும் அனுமதிக்கப்படாமல் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் தமிழ்ப் பொதுமக்களின் சாவைப் பற்றிப் பேசிய மிகச் சிலருள் அவரும் ஒருவர். அந்த இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்று ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு 2011இல் கூறியது. ஆனால் 2010 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் அவரைப் பற்றி வந்த நீண்ட கட்டுரையிலிருந்து பலருக்கும் நினைவில் தங்கியது, வெளியாளாக இருக்கவே விரும்புவதாகச் சொல்லிக்கொண்டே விலையுயர்ந்த காளான் மணமூட்டிய உருளைக்கிழங்கு வறுவலை அவர் தின்றார் என்ற வரி. அந்த உணவை எடுத்துக்கொள்ளத் தூண்டியவர் செய்தியாளரே என்பதைக் காட்டும் ஒலிப்பதிவை அவர் வெளியிட்டார். அவர் வெவ்வேறு இடங்களில் சொன்னவை கட்டுரையில் சேர்த்து அமைக்கப்பட்டிருந்ததைப் பற்றிப் பத்திரிகையும் ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது. வறுவலைப் பற்றிய சண்டை உலகெங்கும் செய்தியாயிற்று, வன்னியைப் பற்றிய கேள்விகள் அதில் அடிபடவில்லை. அவர் விடுதலைப் புலிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டவை பல என்ற குறை நியாயமானதே. அந்தக் குறையைக்கூட எழுதுவதற்கு இடம் இல்லாமல் வறுவல் அடைத்துக்கொண்டது.

கவனத்துக்கு அஞ்சிய அரசுகள்

எல்லா அரசுகளும் பிரபலத்தின் மீது விழும் கவனத்தை இவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டதில்லை. 1917இல் வீரப்பதக்கம் பெற்ற பிரிட்டிஷ் படை அதிகாரியும் அப்போது பெயர் பெறத் தொடங்கியிருந்த கவிஞருமான சீக்ஃப்ரீட் சசூன், தற்காப்புக்காகத் தொடங்கிய போர் ஆக்கிரமிப்புப் போராக மாறிவிட்டது என்று அறிக்கை எழுதி, மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டுப் பணிக்குத் திரும்ப மறுத்தார். படை நீதிமன்றம் தம்மை விசாரிக்கும், அந்த விசாரணை செய்தியாகும் என்று அவர் எதிர்பார்த்தார். நண்பர் ராபர்ட் கிரேவ்ஸின் முயற்சியால் அவர் மருத்துவக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, மனநலச் சிகிச்சைக்காக எடின்பரோ அருகிலுள்ள மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டு டைம்ஸ் இதழில் அச்சேறியபோது, எழுதியவர் நோயாளி என்ற விடை அரசிடம் ஆயத்தமாக இருந்தது. விசாரணை நடத்தினால் ஒரு தியாகி உருவாவார் என்பதை 1917இன் அதிகாரிகள் நன்கு அறிந்திருந்தனர்.

அந்தத் தவற்றை 1967இல் அமெரிக்கா செய்தது. உலகக் கனரகக் குத்துச்சண்டை வீரரான முகமது அலி ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில் படையில் சேர மறுத்தார். பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டன. 5 ஆண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீடு நடந்ததால் சிறைக்குப் போகவில்லை என்றாலும், உடல் வலிமையின் உச்சத்தில் மூன்றரை ஆண்டுகள் அவர் தொழில்முறைப் போட்டிகளில் இறங்க முடியவில்லை. பல பத்திரிகைகள் அவருடைய இஸ்லாமியப் பெயரை எழுதக்கூட மறுத்துப் பழைய பெயரையே அச்சிட்டன. ஆனாலும் அவரை விருந்தாளியாகக் கூப்பிட்டு வாதத்தை உதறிவிட முடியவில்லை. காரணம், அவர் போரைப் பற்றிக் கருத்துச் சொல்பவராக மட்டும் இருக்கவில்லை. அந்தப் போர் அழைத்த ஒருவராகவும் இருந்தார். 1971இல் உச்ச நீதிமன்றம் 8–0 என்ற கணக்கில் தண்டனையை நீக்கியது. ரஷ்யாவின் மூத்த பாடகி அல்லா புகச்சோவா 2022 செப்டம்பரில், உக்ரைன் போரை எதிர்த்த கணவர் வெளிநாட்டு முகவராக அறிவிக்கப்பட்டதைக் கண்டித்து, தம்மையும் அதே பட்டியலில் சேர்க்குமாறு இன்ஸ்டாகிராமில் எழுதியது இதோடு ஒப்பிடத்தக்கது. படையைப் பற்றிப் பொய்ச்செய்தி பரப்பியதாகக் குற்றம் சாட்டி 15 ஆண்டு வரை சிறையில் அடைக்க வகை செய்யும் சட்டம் அப்போது அங்கே நடப்பில் இருந்தது. ஊடகங்கள் அரசின் கையில் உள்ள நாட்டில் பாட்டியும் பேத்தியும் ஒருங்கே அறிந்த பாடகியின் ஒரு பதிவுக்கு இருக்கும் எடையை, நூறு உரையாடல் நிகழ்ச்சிகள் நடக்கும் நாட்டில் ஒரு நடிகரின் நேர்காணல் பெறுவதில்லை.

இயக்கத்தின் பங்கு

இயக்கங்களையும் குற்றமற்றவை என்று சொல்ல முடியாது. 1960களின் மாணவர் இயக்கத் தலைவருள் ஒருவராக இருந்து பின்னர் சமூகவியலாளரான டாட் கிட்லின், 1980இல் எழுதிய நூலில், ஊடகங்கள் ஓர் இயக்கத்துக்குள்ளிருந்து தமக்கு வேண்டிய முகங்களைப் பொறுக்கியெடுத்துத் தலைவர்களாக்குவதையும், அப்படி ஆனவர்கள் உறுப்பினருக்குப் பதில் சொல்வதை விட்டுக் கேமராவுக்குப் பதில் சொல்லத் தொடங்குவதையும் விளக்கினார். 2003 பிப்ரவரி 15 அன்று உலகின் பல நூறு நகரங்களில் மக்கள் திரண்டனர். லண்டனில் மட்டும் காவல்துறைக் கணக்கிலேயே 7.5 லட்சம் பேர். அவ்வளவு பெரிய கூட்டத்துக்குப் பின்னும் செய்தியாளர் கூட்டத்துக்கு ஆள் வரவேண்டுமென்றால் நடிகரின் பெயர் வேண்டும் என்று அமைப்பாளர்கள் எண்ணியது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் புகழை வாடகைக்கு எடுத்தவர்கள் அதோடு சேர்ந்துவரும் கேள்விகளையும் வாங்கிக்கொண்டனர்.

பிரபலமல்லாத ஒருவர் கிடைத்தபோதும் விளைவு பெரிதும் மாறவில்லை. மகனை ஈராக்கில் இழந்த சிண்டி ஷீஹன், 2005 ஆகஸ்ட்டில் டெக்சஸில் அதிபரின் பண்ணை வீட்டுக்கு அருகே முகாமிட்டு, தம் மகன் எதற்காக இறந்தான் என்று அவரிடம் கேட்க வேண்டும் என்றார். அதிபரின் விடுமுறையைப் பின்தொடர்ந்து வந்து, எழுத ஒன்றுமில்லாமல் இருந்த செய்தியாளர்கள் அவரைச் சூழ்ந்தனர். சில வாரங்களில் அவர் நாடறிந்த முகமானார். உடனே அவருடைய மணவாழ்க்கையும் பழைய பேச்சுகளில் இருந்த முரண்களும் செய்தியாயின. அவர் கேட்ட கேள்வி பின்னால் போயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் இயக்கத்தின் முகமாக இருப்பதிலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

2007 பிப்ரவரியில் டிக்ஸி சிக்ஸ் குழு ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றது. ஈராக்கில் இறந்த அமெரிக்கப் படைவீரரின் எண்ணிக்கை அதற்குள் 3,000ஐத் தாண்டிவிட்டது. மக்களின் கருத்தும் திரும்பியிருந்தது. அந்தப் பாடகிகள் பழிவாங்கி வென்ற கதையாக விருது கொண்டாடப்பட்டது. கன்ட்ரி இசை வானொலிகள் பெரும்பாலும் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 20 அன்று நியூயார்க் டைம்ஸ் இதழில் டேவிட் பார்ஸ்டோ ஒரு நீண்ட புலனாய்வுக் கட்டுரையை வெளியிட்டார். போர்க்காலம் முழுவதும் தொலைக்காட்சிகளில் நடுநிலை நிபுணர்களாக அமர்த்தப்பட்டிருந்த ஓய்வுபெற்ற படை அதிகாரிகள் பலர், பாதுகாப்புத் துறை தனியாகக் கூட்டிச் சொல்லிக்கொடுத்த செய்திகளைத் திரையில் சொன்னவர்கள் என்பதையும், அவர்களுள் பலருக்குப் போரால் ஆதாயம் பெறும் ஒப்பந்த நிறுவனங்களோடு தொடர்பு இருந்தது என்பதையும் அத்துறையின் ஆவணங்களைக் கொண்டே அது நிறுவியது. போரைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி என்ற கேள்வியை நடிகர்களிடம் மாதக்கணக்கில் கேட்ட பெரிய தொலைக்காட்சிகள், தாம் சம்பளம் கொடுத்து அமர்த்திய இந்த மனிதர்களைப் பற்றிய செய்தியை ஏறத்தாழ வெளியிடவே இல்லை. மறு ஆண்டு அந்தக் கட்டுரைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தபோதும் அவற்றின் மௌனம் பெரிதாகக் கலையவில்லை.